பிரேதத்தோடு போகிறவர்கள்

கொலை நடந்த இடத்தில், உடலையும் காயங்களையும் பார்த்து எழுதும் பிரேத விசாரணை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு மெமோ எழுதுவார். இன்ன குற்ற எண், இன்னாருடைய பிரேதம், இன்ன மருத்துவமனைக்கு, இன்ன காவலர் வசம் அனுப்பப்படுகிறது என்று அதில் இருக்கும். அதைக் கையில் வாங்கியதிலிருந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்யும் பிரேதப் பரிசோதனை முடிந்து உறவினர் உடலைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடும்வரை அந்தக் காவலர் உடலை விட்டு நகரக் கூடாது. டாக்டரிடம் இன்னாருடைய உடல்தான் இது என்று அடையாளம் காட்டுவதும், உடலிலிருந்து கழற்றிய துணிமணிகளைப் பத்திரமாக ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பதும் அவர் பொறுப்பு. குற்றப்பத்திரிகையில் அவருக்கு ஒரு வரி இருக்கும். சாட்சிக் கூண்டில் பெரும்பாலும் சில நிமிடம்தான் நிற்பார்.

கன்னியாகுமரி மாவட்டக் காவல்துறையில் இருந்த காலத்தில் அந்த ஒரு வரியாகப் பலமுறை இருந்திருக்கிறேன். இறந்தது பெண் என்றால் பெண் காவலரைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா மகள் இந்த முறை இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகியிருக்கிறாள். "கொலைக் கேசுக்கெல்லாம் போயிருக்கியளா சித்தி? அங்க போய் நீங்க என்ன செய்வியோ?" என்று கேட்டாள். நேரில் கொஞ்சம் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். அவளைப் போல வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

விளவங்கோடு தாலுகாவில் மலையோரமாக ஒரு ரப்பர் தோட்டம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை நேரம். இரவெல்லாம் பெய்து விடியற்காலையில் வெறித்திருந்தது. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுக்கு இறங்கிய தொழிலாளி ஒருவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மரங்களுக்கு நடுவே கிடந்தார். கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது ஊரே கூடியிருந்தது. அங்கே முதல் வேலை, கூட்டத்தை அந்த இடத்துக்குள் விடாமல் நிறுத்துவது. சொந்தக்காரர்களைத் தடுப்பதுதான் கஷ்டம். அண்ணன் தம்பி ஓடி வருவார்கள், நெஞ்சில் கைவைத்துத் தடுத்தால் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஈர மண்ணில் இருக்கும் ஒரு செருப்புத் தடம் பத்துப் பேர் மிதித்தால் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் போனது பிறகு எந்த அதிகாரி வந்தாலும் கிடைக்காது.

மறுபடியும் தூறத் தொடங்கியது. உடல் கிடந்த இடத்தில் மண் கறுத்திருந்தது. எங்களோடு வந்த தலைமைக் காவலர் ஒருவர், யாரும் சொல்லாமலே தன் குடையை விரித்து அந்த மண்ணுக்கு மேல் பிடித்தார். அவர் நனைந்துகொண்டே நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து தார்ப்பாய் வந்து நாலு மரத்தில் கட்டி முடிக்கும்வரை அந்தக் குடை அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து, சம்பவ இடத்தில் கண்டதைக் குறிக்கும் பார்வை மகஜர் எழுதினார், வரைபடம் போட்டார். ரப்பர் தோட்டத்தில் எல்லா மரமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கிழக்கிலிருந்து எத்தனையாவது வரிசை, வடக்கிலிருந்து எத்தனையாவது மரம் என்று எண்ணிக் குறித்தார்கள். அப்புறம் ரத்தக்கறை படிந்த மண்ணைக் கரண்டியால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டார்கள். கொஞ்சம் தள்ளிக் கறை படாத வெறும் மண்ணையும் எடுத்து இன்னொரு டப்பாவில் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வெறும் மண் எதற்கு என்று எனக்கும் புரியாது. ஆய்வகத்தில் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். கறையில் தெரிவது அந்த நிலத்தின் மண்ணிலேயே இருக்கும் ஏதோ ஒன்று அல்ல, ரத்தம்தான் என்று சொல்ல அந்த வெறும் மண் வேண்டும். இரண்டு டப்பாவுக்கும் துணி சுற்றி, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டி, வி.ஏ.ஓ.வும் கிராம உதவியாளரும் கையெழுத்துப் போட்டார்கள். மழையில் மை கலையாமல் இருக்க அந்தச் சீட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டே எழுதினார் வி.ஏ.ஓ.

பிரேத விசாரணையில் அந்த அம்மாவின் உடலைத் திருப்பிப் பார்த்துக் காயங்களைச் சொன்னது நான். நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். வலது காது மடல் கிழிந்திருந்தது. அதைச் சொல்லும்போது மகள் பக்கத்தில் நின்றிருந்தார். "அம்மைக்க காதுல கெடந்தத காணலியே அக்கா" என்று என்னிடம் கேட்டார். தாயைப் பறிகொடுத்த பிள்ளை கம்மலைக் கேட்கிறாளே என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம் பெரியதைத் தாங்க முடியாதபோது சின்னதைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்மல் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னார். பிறகு அந்த வழக்குக்கு அதுதான் பிடி கொடுத்தது.

இதற்கிடையே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவாகி, ஒரு காவலர் அதை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போயிருப்பார். கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் நீதிபதி கைக்குப் போக வேண்டும். நள்ளிரவு என்றாலும் வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுவார். அந்த நேரம் தாமதமாக இருந்தால், போலீஸ் யோசித்து யோசித்து எழுதிய கதை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். குழித்துறைக்கோ பத்மநாபபுரத்துக்கோ கொட்டும் மழையில் பைக்கில் போகும் அந்தக் காவலருக்கும் குற்றப்பத்திரிகையில் ஒரே வரிதான்.

எங்கள் மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி. தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பரிசோதனை நடக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பதை விட்டுவிடுகிறேன். நாங்கள் உடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அன்று பரிசோதனை கிடையாது. 2021 நவம்பரில் மத்திய அரசு இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதி தந்தது. அதிலும் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, சந்தேக மரணம் ஆகியவற்றுக்குப் பொதுவாக விலக்குதான். சட்டம் ஒழுங்கு பிரச்சினை இருந்தால் மட்டும் செய்வார்கள். ஆகவே கொலைப் பிரேதத்தோடு போன காவலருக்கு இன்றும் பெரும்பாலும் விடியும்வரை காவல்தான்.

இன்ஸ்பெக்டருக்காக மெமோவை எழுதிய ஸ்டேஷன் ரைட்டர், அதில் என் பெயரோடு இன்னொரு ஆண் காவலர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். பழுத்த ரைட்டர் அவர். ஸ்டேஷன் ரைட்டரைக் குமாஸ்தா என்று நினைக்கிறவர்கள் ஒரு கொலை வழக்கை அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. எந்தக் காகிதம் எந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்று வழக்கு முழுவதையும் மனதில் வைத்திருப்பவர் அவர்தான். இரண்டு பெயரை அவர் எதற்கு எழுதினார் என்பது எனக்குச் சில வருடம் கழித்துக் கோர்ட்டில்தான் புரிந்தது.

அந்த இரவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பயம் என்று எல்லோரும் கேட்பார்கள். பயம் இல்லை. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை அந்தக் கட்டிடத்தில் இல்லை, பிரதான கட்டிடத்துக்கு நடந்து போக வேண்டும், வழியில் விளக்கு இல்லை. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். ராத்திரி அந்த அம்மாவின் மகளும் மருமகனும் வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போங்க என்றேன். "அம்மை ஒத்தைக்கு கெடப்பாவே" என்றார் மகள். நான் கூட இருக்கிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கிளம்பினார்கள்.

காலையில் பரிசோதனை முடிந்தது. துணிகளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினேன். ஈரத்துணியை அப்படியே கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கறை கெட்டுப்போகும். நிழலில் உலர வைத்துத்தான் பொதிய வேண்டும். பிறகு அவையெல்லாம், கைப்பற்றிய பொருட்களை அனுப்பும் படிவம் 95-இல் கோர்ட்டுக்குப் போய், கோர்ட் கடிதத்தோடு திருநெல்வேலி வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின. கொண்டுபோனதும் ஒரு காவலர்தான், அரசு பஸ்ஸில். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே பஸ் போகும்போது மடியில் அரக்கு முத்திரை வைத்த ஒரு பொட்டலத்தோடு மஃப்டியில் யாராவது உட்கார்ந்திருந்தால், அதற்குள் ஒரு குடும்பத்தின் நீதி இருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது.

இனி எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனைப் பிடித்த கதை. மூன்று தனிப்படை போட்டார்கள். ஒன்று பழைய குற்றவாளிகளைத் தேடியது, ஒன்று செல்போன் டவர் விவரங்களைப் பார்த்தது, ஒன்று அடகுக் கடைகளுக்குப் போனது. எல்லையோரத்தில் வேலை பார்ப்பதன் சிரமம் இங்கேதான் தெரியும். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அது கேரளா. நம் ஊரில் நின்று பேசினாலும் போன் அந்தப் பக்க டவரைப் பிடிக்கும். அதனால் இரண்டு மாநிலத்து விவரமும் கேட்டு வாங்க வேண்டும். குற்றவாளிக்கு எல்லை என்பது பத்து நிமிட பஸ் பயணம். நமக்கு அது கடிதம், அனுமதி, பதில்.

எந்த ஸ்டேஷன் விசாரிப்பது என்பதே கேள்வியாகிவிடும். பாறசாலை ஷாரோன் ராஜ் வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். களைக்கொல்லி கலந்த கஷாயம் 2022 அக்டோபர் 14 அன்று கொடுக்கப்பட்டது எங்கள் மாவட்டத்தில் உள்ள ராமவர்மன்சிறையில். அந்தப் பையன் அக்டோபர் 25 அன்று இறந்தது திருவனந்தபுரத்தில். செயல் ஒரு இடத்திலும் விளைவு இன்னொரு இடத்திலும் நடந்தால் இரண்டு இடத்திலும் விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. கேரளக் குற்றப்பிரிவு விசாரித்து, 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கை யார் விசாரிப்பது என்ற விவாதம் நடந்தபோது எல்லைப் பக்கம் வேலை பார்த்த எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சின்னச் சின்ன வழக்குகளில் நாங்கள் எப்போதும் படுகிற பாடு அது.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். மகளிடம் கல்யாண ஆல்பம் இருந்தது. அதில் அந்த அம்மா செயினும் கம்மலுமாக நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டார் ஒரு ஏட்டையா. மார்த்தாண்டத்தில் தொடங்கி எல்லை தாண்டிக் கடை கடையாக ஏறி இறங்கினார். மலையாளம் அவருக்குத் தாய்மொழி மாதிரி வரும். அந்த நாட்களில்தான் அவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. அரை மணி நேரம் வந்தார். உடுப்பு மாற்றாமல் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார். மனைவி ஒரு தம்ளர் பாயசம் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். அந்த அக்கா எங்களிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சாப்பாடு பரிமாறினார். காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-இல் உத்தரவு வந்தது. வந்தது நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு கொலை வழக்கு கையில் இருக்கும்போது அந்த நாள் எங்கே போகிறது என்று காவலர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு கடையின் பேரேட்டில் கம்மல் கிடைத்தது. அடகு வைத்தவன் தோட்டங்களில் மரம் முறிக்கும் வேலைக்கு வந்து போனவன். பிடித்த பிறகு அவன் சொன்னதை வைத்துச் செயினும் கிடைத்தது. போலீசிடம் எதிரி கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அவன் சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டித் தந்த பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-வது பிரிவு, 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் 23. எதிரியை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போலீஸ் போவது இதற்காகத்தான்.

களியக்காவிளை சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இதேதான் நடந்தது. கைதானவர்கள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். துப்பாக்கி எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாக்கடையில் கிடைத்தது. பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. செய்தியாக எல்லோரும் படித்தது அது. எனக்கு அந்த இரவு வேறொன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவருடைய உடலுக்கும் ஒரு மெமோ எழுதியிருப்பார்கள். அவரை நேற்றுவரை "ஐயா" என்று கூப்பிட்ட ஒரு காவலர் அதைக் கையில் வாங்கியிருப்பார். அடையாளம் காட்டியிருப்பார். அந்தக் காவலர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அவரை நினைக்காமல் அந்த வழக்கைப் பற்றி என்னால் பேச முடியாது.

எதிரி சிறையில் இருந்தால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. ஆய்வக அறிக்கை, டாக்டர் சான்று, செல்போன் நிறுவனத்தின் சான்றிதழ் எல்லாம் வந்து சேர வேண்டும். இன்ஸ்பெக்டர் நடுவில் மாறுதலாகிப் போவார், புதியவர் வந்து கோப்பை முதலிலிருந்து படிப்பார். எங்கள் வழக்கிலும் அப்படித்தான். ரைட்டர் இருந்ததால் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு. இந்தக் காலத்தில் வழக்கைச் சுமப்பது கோர்ட் டியூட்டிக் காவலர். சாட்சிகளுக்குச் சம்மன் கொடுப்பது மட்டும் அவர் வேலை என்று காகிதத்தில் இருக்கும். உண்மையில் சாட்சி எங்கே குடிபோனார், யார் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் உடலைப் பார்த்த வெட்டுக்காரர் வயதானவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். "சாரே, நான் கண்டது கண்டதாக்கும். அதெ எப்ப வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா இப்படி நடத்தாதிய" என்றார் ஒருமுறை. முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளைப் பற்றி நம் ஆட்கள் கோபமாகப் பேசுவார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. கூலியை விட்டுவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் சாயங்காலம்வரை உட்கார்ந்து, "இன்றைக்கு இல்லை" என்ற பதிலோடு திரும்பிப் போகிற மனிதர் எத்தனை முறை வருவார்? அந்தப் பெரியவர் கடைசிவரை வந்தார். மழைக் காலத்தில் கண்டதை, கோடையில் நடந்த விசாரணையில் ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

நான் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி இது: "இரவு முழுவதும் பிரேதத்தை விட்டு நகரவில்லை என்கிறீர்கள். கழிப்பறைக்கும் போகவில்லையா?"

போனேன் என்றேன். "அப்படியானால் அந்த நேரம் பிரேதம் யார் பாதுகாப்பில் இருந்தது?" உடன் இருந்த காவலர் பாதுகாப்பில், அவர் பெயரும் மெமோவில் இருக்கிறது என்றேன். வக்கீல் மெமோவை வாங்கிப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்டது அவருடைய கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டாவது பெயர் இல்லாவிட்டால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உறுதி செய்தது. கம்மலும் செயினும் கோர்ட் உத்தரவின்பேரில் மகளிடம் போய்ச் சேர்ந்தன.

இப்போது ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. கைப்பற்றுவதைச் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். நல்ல மாற்றம். ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நனைந்து நின்றதுகூட இனி பதிவில் இருக்கும்.

ஆனால் பிணவறை வாசல் மாறவில்லை. போன மாதம் ஒரு உறவினர் இறந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண், புது உடுப்பு, மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லையா மக்களே என்று கேட்டேன். இடம் இல்லை மேடம் என்றாள். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

பிரேதப் பரிசோதனை நடக்கும் எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் காவலுக்கு வரும் காவலருக்குத் தாழ்ப்பாளோடு ஒரு அறை வேண்டும். அதை ஒட்டி ஒரு கழிப்பறை, குடிதண்ணீர், விளக்கு, இரண்டு நாற்காலி வேண்டும். வெளியே உறவினர்கள் உட்கார ஒரு கொட்டகை வேண்டும். பெண் பிரேதம் என்றால் எப்போதும் இரண்டு பேரை மெமோவில் எழுத வேண்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறேன். பணியில் இருப்பவர்கள் இதில் கையெழுத்துப் போட முடியாது, தெரியும். ஓய்வு பெற்றவர்களும் காவலர் குடும்பத்தில் உள்ளவர்களும் போடலாம். காலை பத்து மணிக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருப்பேன்.